கோபம் இல்லாத முகம்

திரையில் ஒரு முகம். சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை. இவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று கேட்கிறார்கள். "கோபமாக இருக்கிறார்" என்று சொன்னால் விடை தவறு.

1990களில் மெல்போர்னில் பேட்ரிக் மக்கோரி, அலிசன் யங் உள்ளிட்ட மனநல மருத்துவர்கள், சைக்கோசிஸ் என்னும் தீவிர மனநோய் வரும் ஆபத்தில் உள்ள இளையோரை முன்கூட்டியே அடையாளம் காணும் அளவுகோல்களை வகுத்தார்கள். அப்படி அடையாளம் காணப்பட்டவர்கள், ஒரு குழுவாகப் பார்க்கும்போது, பிறர் முகத்தில் உணர்ச்சியை அறிவதில் சற்றுப் பின்தங்குகிறார்கள் என்று பின்வந்த பல ஆய்வுகள் காட்டின. எதையும் காட்டாத முகத்தில் கோபத்தையோ அச்சத்தையோ காண்பது அவற்றில் சில சுட்டிய பிழை.

ஆய்வுக்கூடத்தில் சரியான விடை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் அது யார் கையில் இருக்கிறது? அப்பா செருப்பைக் கழற்றும் ஓசையிலேயே அன்றைய இரவை ஊகிக்கப் பழகிய பெண்ணுக்கு, இல்லாத கோபத்தைக் கண்டுவிடுவது சிறிய பிழை. இருக்கும் கோபத்தைத் தவறவிட்டால் அடி. மறுபக்கம், சும்மா இருக்கும் பெண்ணிடம் "ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய்?" என்று கேட்பவரும் எதையும் காட்டாத முகத்தில் கோபத்தைத்தான் காண்கிறார். அவரை யாரும் சோதனைக்கு அழைப்பதில்லை.

இதனால் நோயே கற்பனை என்று ஆகிவிடாது. பேருந்திலுள்ள முகமெல்லாம் தன்னை வெறுப்பதாகத் தோன்றும் பெண் உண்மையாகவே துன்பப்படுகிறாள். அவளுக்கு உதவி விரைவில் கிடைக்க வேண்டும். ஆனால் ஆபத்து என்பது தீர்ப்பு அல்ல. 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஆபத்து நிலையில் இருந்தவர்களில் மூன்றாண்டுகளில் நோய் வந்தவர்கள் சுமார் 36 விழுக்காட்டினர். பெரும்பாலோருக்கு வரவில்லை.

பேசுபவரைப் பற்றிய முன்முடிவால் அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதை ஓர் அநீதியாகவே 2007இல் வெளியான தன் நூலில் விளக்கினார் மெய்யியலாளர் மிராண்டா ஃப்ரிக்கர். பெண் என்பதாலேயே பாதியாகக் குறைந்த மதிப்பு, "அவளுக்கு மனசு சரியில்லை" என்றதும் முழுதாகப் போய்விடுகிறது. "அவர் பார்க்கும் பார்வை சரியில்லை" என்று அவள் சொன்னால், அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அவள் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. யார், எப்போது, என்ன நடந்தது என்று மற்ற எவரிடமும் கேட்பதுபோல அவளிடமும் கேட்க வேண்டும். ஒரு முகத்தைத் தவறாக வாசித்தவள், அடுத்த முகத்தைச் சரியாக வாசித்திருக்கலாம்.