தண்ணீர்த் தொண்டும் தண்ணீர்க் கடனும்

கோடை விடுமுறை வந்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கல்லூரி மாணவர்கள் பலர் ஆப்பிரிக்க, ஆசியக் கிராமங்களுக்குக் கிளம்புகிறார்கள். கிணறு தோண்டுகிறார்கள், குழாய் பதிக்கிறார்கள், வடிகட்டி பொருத்துகிறார்கள். பயணச் செலவுக்கான பணத்தையும் பெரும்பாலும் தாங்களே திரட்டிக்கொள்கிறார்கள். இதைக் குறை சொல்ல யாருக்கும் எளிதில் வாய் வராது. தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் புண்ணியம் என்று நினைக்கும் நாட்டில் அதன் பெருமையை விளக்கத் தேவையும் இல்லை. ஆனால் திருப்பூரில் இருந்துகொண்டு யோசித்தால் ஒரு நெருடல் எழுகிறது. அந்த மாணவர் போட்டிருக்கும் டி-ஷர்ட் இங்கே பின்னி, சாயமேற்றி, தைத்து அனுப்பியதாக இருக்கக்கூடும். அந்தச் சாயம் இங்கே பல ஊர்களின் கிணறுகளைக் கெடுத்திருக்கிறது. ஓர் ஊரின் தண்ணீர் கெட்டதில் பங்குள்ளவர், அதைக் கண்டுகொள்ளாமல் இன்னோர் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கப் புறப்படுவது சரியா?

கேள்வி கடுமையானதுதான். நொய்யலின் கதை தெரிந்தவர்களுக்கு அது மிகையாகப் படாது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் சிற்றாறு நொய்யல். 1980-களில் பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, சாயப்பட்டறைகளும் பிளீச்சிங் பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பருத்தித் துணியில் சாயம் நன்றாக ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியேறும். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுக் கழிவின் நிறத்தை ஓரளவு இறக்கலாம், உப்பை அப்படி இறக்க முடியாது. ஆகவே சுத்திகரித்ததாகச் சொல்லி விட்ட தண்ணீரும் ஆற்றில் உப்பைத்தான் சேர்த்தது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. அந்த வரம்பு பல ஆண்டுகள் காகிதத்தில் மட்டுமே இருந்தது. கரையோரக் கிணறுகளில் உப்புத் தண்ணீர் ஊறியது. சாயப்பட்டறைகளுக்கோ நல்ல தண்ணீர் வேண்டும். அதைச் சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டு வந்தன. பாசனத்துக்கு இருந்த நீரைப் பட்டறைக்கு விற்றது விவசாயிதான். விற்காத பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறும் அதோடு சேர்ந்து வற்றியது.

1992-ல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டை ஆனது. தண்ணீர் கேட்டுப் போராடுவது விவசாயிகளின் வழக்கம். இங்கே அணைக்குக் கீழே இருந்தவர்கள் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று போராடினார்கள். ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2009-ல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றன. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற உத்தரவு மீறப்பட்டபோது, 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது.

கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை அந்தத் தீர்ப்புகளுக்கு அடிப்படை. இந்தியச் சட்டத்தில் அது வேரூன்றியதில் தமிழ்நாட்டுத் தண்ணீர் வழக்கு ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு: பாலாற்றுப் படுகைத் தோல் தொழிற்சாலைகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கின் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பு. ஆனால் கெடுத்தவர் யார் என்று எண்ணும்போது நீதிமன்றத்தின் பார்வை பட்டறை வாசலோடு நின்றுவிட்டது. சாயப்பட்டறை செய்வது பெரும்பாலும் ஜாப் ஒர்க். துணி பனியன் கம்பெனியுடையது. ஆர்டரும் விலையும் கடல் கடந்து மொத்தமாக வாங்கும் பையருடையவை. கடையில் விலைச் சீட்டைப் பார்த்து வாங்குபவர் அவருக்கும் அப்பால் இருக்கிறார். அவருடைய பங்கு மிகச் சிறியது, உண்மைதான். சிறியது என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

2011-க்குப் பிறகு திருப்பூர் பெரும் விலை கொடுத்து மாறியது. இன்று பொது சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீர் சவ்வுகளின் வழியே அழுத்தி வடிக்கப்படுகிறது. மிஞ்சும் அடர்ந்த உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்கி, உப்பைப் பிரித்து, நீரை மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறார்கள். உப்பில் ஒரு பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்குப் போகிறது. எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் கிடக்கிறது. மழை படாமல் அதைக் காப்பதே ஒரு செலவு. மின்சாரம், விறகு, சவ்வு மாற்றும் செலவு எல்லாம் கிலோ துணிக்கு இவ்வளவு என்று சாயக் கூலியில் ஏறுகிறது. இந்தச் செலவு இல்லாத நாட்டின் விலையைக் காட்டிப் பையர் பேரம் பேசும்போது, ஆற்றைக் காப்பவரே சந்தையில் தோற்கிறார். மலிவுக்காகத் திருட்டுத்தனமாகக் கழிவை விடும் பட்டறைகள் இன்னமும் இருப்பதற்கு இந்தப் பேரமும் ஒரு காரணம்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தண்ணீருக்காக மூன்று மைல் நடக்கும் பெண்ணுக்குக் குடம் நிறைந்தால் போதும், கொடுப்பவரின் கணக்குப் புத்தகம் அவளுக்கு எதற்கு? மாசற்ற கைதான் தண்ணீர் வார்க்கலாம் என்றால் உலகில் ஒருவர் தாகமும் தீராது. வயிற்றுப்போக்கில் சாகும் குழந்தைக்கு, வந்தவர் குற்ற உணர்வால் வந்தாரா, புகைப்படத்துக்காக வந்தாரா என்ற ஆராய்ச்சி பயன்படாது. இது முழு உண்மை. ஆகவே போகாதே என்று எந்த இளைஞரையும் தடுப்பதற்கு இல்லை. எப்படிப் போவது, போவதால் எந்தக் கடமை தீராமல் நிற்கிறது என்பவைதான் மீதமுள்ள கேள்விகள்.

எப்படி என்பதற்கான பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியா மார்க் 2 என்ற அடிபம்பு நம் கிராமங்களில் எல்லாருக்கும் பழக்கம். உறுதியானது. ஆனால் உள்ளே தோல் வாசர் தேய்ந்துவிட்டால், அதை மாற்ற ஆழத்தில் தொங்கும் குழாய்கள் முழுவதையும் ஒவ்வொன்றாக மேலே தூக்க வேண்டும். அதற்கு ஒரு வண்டியும் ஆள்படையும் வேண்டும். வண்டி வரும்வரை பம்பு சும்மா நிற்கும், ஊர் பழைய குட்டைக்கே திரும்பும். 1980-களில் கோவை வட்டாரக் கிராமங்களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உலக வங்கி, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் முதலியவை சேர்ந்து இந்தப் பம்புகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தன. எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் தேய்கிறது என்று குறித்துவைத்தார்கள். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வந்தது. குழாயின் அகலத்தைக் கூட்டினார்கள், அதனால் குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மட்டும் உருவி எடுக்க முடிந்தது. இப்படித்தான் மார்க் 3 பிறந்தது. சில கருவிகளோடு ஊர்க்காரர் ஓரிருவரே அதைப் பழுது பார்க்கலாம். இந்த வேலையில் கைதட்டல் கிடைக்காது, திறப்பு விழாவும் இல்லை. நின்று பார்க்கும் பொறுமை மட்டுமே அதற்குத் தேவைப்பட்டது.

ஆறு வாரத்துக்கு வந்துபோகிறவரால் இதைச் செய்ய முடியாது. அவர் கட்டும் தொட்டியை உள்ளூர்க் கொத்தனார் இன்னும் செம்மையாகக் கட்டுவார், கூலியும் ஊரில் நிற்கும். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்குக் கொடிய சான்று வங்கதேசம். குளத்து நீரின் நோய்களிலிருந்து காப்பதற்காக 1970-களில் யுனிசெஃப் உதவியோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அந்த நீரில் ஆர்சனிக் நஞ்சு இருப்பது 1990-களில்தான் பெரிதாக வெளிப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அதைக் குடித்திருந்தார்கள். தண்ணீர் கொடுப்பவர் அந்தத் தண்ணீரை ஆண்டாண்டாகச் சோதிக்கவும் கடமைப்பட்டவர்.

வெளிநாடு சென்று தொண்டு செய்யும் இன்றைய வழக்கத்தின் முன்னோடி ஒருவர் இந்தக் கடன் எண்ணத்தைத் தெளிவாகப் பிடித்திருந்தார். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியர் செரசோல், முதல் உலகப் போர் முடிந்த பின் 1920-ல், வெர்தூன் அருகே சிதைந்த ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைக் கட்டியெழுப்பத் தொண்டர்களைக் கூட்டிப் போனார். அவர்களில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். தங்கள் நாட்டுப் படை நொறுக்கிய இடத்தில் கல்லடுக்கப் போனவர்கள் அவர்கள். உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது, சில மாதங்களில் வேலை நின்றது. ஆனாலும் தொண்டு எங்கே தொடங்க வேண்டும் என்பதை அவர்கள் சரியாகக் கண்டார்கள். அதே செரசோல் 1934-ல் பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்கே வந்து, ஊர் திரும்பி, மறுபடி மறுபடி வந்து மக்களோடு வீடு கட்டினார்.

திருப்பூர் இளைஞர்களும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. பனியன் பணத்தில் படித்து வெளிநாடு போகும் பிள்ளைகளின் படிப்புச் செலவில் நொய்யல் ஆயக்கட்டின் இழப்பும் கலந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளம் தூர்வாரும் இளைஞர்கள் இந்த மண்டலத்தில் இருக்கிறார்கள். 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற நஞ்சராயன் குளம் பக்கத்திலேயே இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுப் போராடிய அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் அதே ஆண்டில் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் கொண்டுவருகிறது. இவை நம்பிக்கை தருபவை. ஆனால் இந்த உழைப்பின் பெரும்பகுதி ஊருக்குள்ளேயும் ஊருக்கு மேலேயும் நிற்கிறது. கடன் பட்டிருப்பது கீழே, ஒரத்துப்பாளையத்துக்கு அப்பால், கரூர் வரை. அங்கே எந்தக் கிணறு தேறியது, எது தேறவில்லை என்று உப்பு மானியைத் தோய்த்துப் பருவந்தோறும் குறித்து வைக்கும் வேலைக்கு ஒரு கல்லூரி வகுப்பு போதும், விமானச் சீட்டு வேண்டாம்.

ஐரோப்பிய இளைஞருக்கும் ஊரிலேயே வேலை இருக்கிறது. ஜெர்மனியில் 2023 முதல் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தருவோரின் உரிமை மீறல்களுக்கும் பதில் சொல்ல வேண்டிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இன்னும் விரிவான சட்டம் இயற்றியது. 2025-ல் அதை அமல்படுத்தும் நாளைத் தள்ளிப்போட்டது. அந்தச் சட்டம் உயிரோடு இருக்குமா, கழிவைக் காய்ச்சும் செலவைச் சேர்த்து வாங்குபவர் விலை தருவாரா என்பதெல்லாம் அங்கே, அவர்கள் வாக்களிக்கும் மன்றங்களில் தீர்மானமாகின்றன. கரூர் விவசாயிக்கு அங்கே வாக்கு இல்லை. அவர்களுக்கு இருக்கிறது.