கல்லில் காணும் இருவர்

நான் பெரம்பலூர்க்காரி. சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் எனக்கு விரத நாட்கள். என் வீட்டுக்காரர் அரியலூர், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை, சாமி கும்பிடாதவர். காதலித்த நாளில் அவர் முதலில் தந்தது அம்மோனைட் என்னும் கடலுயிரின் சுருள் வரியோடிய புதைபடிவம். “இந்த மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்தது” என்றார். சாத்தனூருக்கும் கூட்டிப்போனார். அங்கே கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரம். சுமார் 12 கோடி ஆண்டு மூப்பு.

“நம்பாதவனோடு வாழ்ந்தால் உன் பக்தி கரைஞ்சிடாதாடி?” என்று அம்மா அழுதாள். அந்தக் கேள்வி என்னையும் அரித்தது.

கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திரன் எழுப்பிய கோயில் சுவரில் அர்த்தநாரீசுவரரைப் பார்த்தபோது தெளிந்தேன். உடல் ஒன்று, ஆனாலும் ஆண்பாதி ஆணாகவே, பெண்பாதி பெண்ணாகவே நிற்கிறது. தன்னில் பாதியை இன்னொருவருக்கு இடமாகக் கொடுப்பதே சேர்வது.

கல்லில் அவர் கடலைக் காண்கிறார். நான் காளித்தாயைக் காண்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கல்லில் தேடும் மனம் இருவருக்கும் ஒன்றுதான்.

வெள்ளிதோறும் என்னைச் சிறுவாச்சூருக்கு வண்டியில் கூட்டிவந்து, தரிசனம் முடியும்வரை வாசலில் காத்திருக்கிறார். உள்ளே நான் செய்வதும் வெளியே அவர் செய்வதும் எனக்கு ஒரே வழிபாடு.