பொருத்தம் நாவிலா, பண்டத்திலா?

சுவை பற்றிய தீர்ப்பு சரியா தவறா என்று சோதிக்கத்தக்கதா, அல்லது அவரவர் விருப்பத்தின் அறிவிப்பு மட்டுந்தானா என்னும் வினாவை ஆராய்ந்த ஐரோப்பிய மெய்யியலாளர் இருவர், தற்செயலாகவோ என்னவோ, ஸ்பெயினின் ஒயினையே சான்றுக்கு அழைத்தனர். கனேரித் தீவுகளின் ஒயின் இனியது என்பவர் 'எனக்கு இனியது' என்றே கூற வேண்டும் என்றும், நாவின் இன்பத்தில் பிறரைத் திருத்த எவருக்கும் உரிமையில்லை என்றும் இம்மானுவேல் கான்ட் 1790இல் வாதிட்டார். அவருக்கு முன் 1757இல் டேவிட் ஹியூம், நுண்ணிய நா பண்டத்தில் உள்ளதையே கண்டறியும் என்று காட்ட, செர்வாண்டிஸின் 'டான் குவிக்ஸோட்' புதினத்தில் சாஞ்சோ பான்சா சொல்லும் கதையை எடுத்தாண்டார்: அவனுடைய உறவினர் இருவரில் ஒருவர் ஒரு பீப்பாய் ஒயினில் இரும்பின் சாயலையும் மற்றவர் தோலின் சாயலையும் கண்டனர், பீப்பாய் காலியானபோது தோல்வாரில் கட்டிய சாவி ஒன்று உள்ளே கிடந்தது.

இவ்விரு நிலைகளையும் உரைத்துப் பார்க்க, ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலிசியாவில் விளையும் அல்பரீஞோ என்னும் வெள்ளை ஒயின் நல்ல களமாகும். 1988இல் ரீயாஸ் பைஷாஸ் என்னும் பிறப்பிடப் பெயரால், அதாவது விளையும் நிலத்தைக் குறித்துச் சட்டம் காக்கும் பெயரால், வரையறுக்கப்பட்ட இந்நிலத்தில் மழையும் கடற்காற்றும் மிகுதி. ஈரத்தில் பூஞ்சை பற்றாதிருக்கக் கொடிகளைக் கருங்கல் தூண்களின்மேல் பந்தலாகப் படரவிடுகின்றனர். இங்குப் பழுக்கும் தடித்த தோலுடைய பச்சைத் திராட்சை, கூர்மையான புளிப்பும் எலுமிச்சை, பீச் ஆகியவற்றின் மணமும் உடைய ஒயினைத் தருகிறது. அக்கரையின் சிப்பிக்கும், பாறையில் ஒட்டி வளரும் பெர்செபெஸ் என்னும் கொட்டலசுக்கும், மீன் பொதிந்த எம்பனாடா அடைக்கும் அது பொருந்தும் என்பது பரவலான தீர்ப்பு; எலுமிச்சைச் சாறு செய்யும் வேலையை இங்கே ஒயினின் புளிப்பு செய்கிறது.

இத்தீர்ப்பு வெறும் விருப்பமன்று எனக் கொள்ளக் காரணம் உண்டு. மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்னும் பழைய விதியை ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர்கள், ஒயினில் கரைந்துள்ள இரும்பு கூடக்கூட, கடலுணவோடு பருகும்போது எழும் மீன்கவிச்சியும் கூடுவதை 2009இல் காட்டினர். ஆகவே குற்றம் நிறத்தில் இல்லை. இரும்பு மிகுந்த வெள்ளை ஒயினும் சிப்பியைக் கெடுக்கும். விதி திருத்தப்பட்டது என்பதே, அது திருத்தத்தக்க கூற்றாக இருந்தது என்பதற்குச் சான்றாகும். (சாஞ்சோவின் உறவினருள் ஒருவர் கண்டதும் இரும்பே.)

எனினும் வேதியியல் முழு விடையாகிவிடாது. கலிசியாவின் திருவிழாக்களில், ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த்தூளும் தூவிய பேய்க்கணவாயோடு பலர் இளம் சிவப்பு ஒயினைப் பீங்கான் கிண்ணத்தில் பருகுகின்றனர். அது அவ்வூர் வழக்கம், அவ்வழக்கத்தில் வளர்ந்த நாவுக்கு அதுவே நிறைவு. இங்குக் கான்ட் சரியாகவே கூறுகிறார்: அந்நிறைவைப் பொய் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய எடுத்துக்காட்டு தனித்த ஒரு பானத்தைப் பற்றியது. பொருத்தம் என்பதோ இரு பண்டங்களுக்கு இடையிலான உறவு. அவ்வுறவு பருகுபவரின் விருப்பத்தால் மட்டும் உண்டாவதில்லை, அவர் வெறுப்பதால் மறைவதுமில்லை. அல்பரீஞோவை விரும்பாதவரும் அது சிப்பிக்குப் பொருந்துகிறது என்று முரண்பாடின்றி ஒப்புக்கொள்ளலாம்.