என் நிலம், என் உரிமை

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உரிமையாளர், தமக்குரியதைத் தம் விருப்பப்படி கொடுக்கத் தமக்கு உரிமை இல்லையா என வினவுகிறார். தொப்பம்பட்டி வட்டாரத்தில் இவ்வினாவை நாம் வேறு குரலில் கேட்டிருக்கிறோம்: "நிலம் என்னுடையது, கூலி நான் கொடுப்பது. இடையில் சங்கம் எதற்கு?"

இக்குரலை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன்பட்டு, ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை வீழ்ந்தால் கலங்கி நிற்கும் சிறு விவசாயி பெருநிலக்கிழார் அல்லர். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தனியுடைமையை உறுதியாக ஆதரித்தார். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் அதே மடலில்தான் ஆதரித்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்தெறிய நமக்கு அனுமதியில்லை.

அவ்வாறு கிழித்தெறிந்தால் என்ன நேரும் என்பதற்குக் கீழ்வெண்மணி சான்று. கூலி நெல்லை உயர்த்தக் கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் இணைந்த அன்றைய தஞ்சை மாவட்டத்துத் தலித் உழவுத் தொழிலாளரை, அக்கொடியை இறக்குமாறு நிலக்கிழார்கள் வற்புறுத்தினர். 1968 டிசம்பர் 25 இரவில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குடிலில் பிறந்த பாலனை நாம் கொண்டாடிய அதே நாள்! கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது.

நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாகக் காக்கிறது. சொத்துரிமையோ 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்துக்குப்பின் சட்ட உரிமை மட்டுமே. ஆயினும், சங்கத்தார் வேலியைக் கடந்து உள்ளே வரலாமா என்னும் வினா எழுகிறது. கலிபோர்னியாவில் அமைப்பாளர்கள் குறித்த நேரம் பண்ணைக்குள் சென்று தொழிலாளரைச் சந்திக்க 1975 முதல் இடமிருந்தது. அது இழப்பீடின்றிப் பிறர் சொத்தை எடுப்பதாகும் என 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரம் வேறு நெறி வகுக்கிறது. பிறர் திராட்சைத் தோட்டத்தில் நுழைபவர் பசியாற உண்ணலாம். கூடையில் எடுத்துச் செல்லலாகாது. தோட்டம் உரியவருடையதே. கூடையைத் தடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. பசித்த மனிதரைத் தடுக்கும் உரிமை இல்லை.

நல்ல முதலாளியிடம் சங்கம் ஏன் என்பர் சிலர். உவமையின் உரிமையாளர் நல்லவரே. கடைசியில் வந்தவருக்கும் முழுநாள் கூலி கொடுக்கவே அவர் தம் உரிமையை எடுத்துரைத்தார். ஆனால் முதலாளியின் நல்லுள்ளத்தை மட்டுமே நம்பிக் கிடைப்பது கொடை, கூலியோ நீதி. நீதியைக் கேட்கக் குரல் வேண்டும். தனித்து நிற்கும் ஏழைக்கு அக்குரல் எழுவதில்லை.

இவ்வினா நம்மையும் விடாது. திருச்சபையும் நிலவுடைமையாளரே. ஆலயத்து நிலத்தில் களையெடுக்க வரும் பெண்கள் நாளை ஒன்றுகூடி நம் வாசலில் நின்றால், அமரச் செய்து கேட்போமா? அன்றிக் கதவடைப்போமா? அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவில் மறையுரை ஆற்றுமுன் இதற்கு விடை காண்பது நம் கடன்.