கன்றைச் சமைத்த வேலையாள்



பொதுக்காலத்தின் 16ஆம் ஞாயிறான இன்று, 2025 ஜூலை 20, இரண்டு விருந்துகளைப் பற்றிக் கேட்டோம். நற்செய்தியில் இயேசு விருந்தினராக வந்த மார்த்தாவின் வீடு. அதற்கு முன் முதல் வாசகத்தில், மம்ரே தோப்பில் ஆபிரகாம் மூவரை வரவேற்ற கதை. ஆபிரகாமும் சாராவும் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தில் இன்னும் ஓர் ஆள் இருக்கிறார், கவனித்தீர்களா? ஆபிரகாம் மந்தைக்கு ஓடி இளங்கன்றைப் பிடித்து, ஒரு வேலையாளிடம் கொடுக்கிறார். அவர் விரைந்து சமைக்கிறார். அவ்வளவுதான். அவருக்குப் பெயர் இல்லை, மகன் பிறப்பான் என்ற வாக்குறுதியில் பங்கும் இல்லை. ஆனால் அவர் கை வைக்காமல் அந்த விருந்து நடந்திருக்காது.

கெடாவின் யான், குவார் செம்படாக் பக்கத்து வீடுகளில் அந்த வேலையாளை நான் பார்க்கிறேன். தாத்தா பாட்டி எஸ்டேட்டில் பால்மரம் வெட்டினார்கள். பேரப்பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வு முடித்ததும் சுங்கை பட்டாணிக்கும் அலோர்ஸ்டாருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகிறார்கள். முதல் வேலை வெங்காயம் உரிப்பது, பூண்டு இடிப்பது, கோழி வெட்டுவது, எண்ணெய்ச் சட்டி தேய்ப்பது. பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் பெற்றோர் குரலைத் தாழ்த்தி, “சும்மா கடையிலதான் ஃபாதர்” என்கிறார்கள். அந்தச் ‘சும்மா’வை விட்டுவிடுங்கள். பச்சைக் கோழி வெட்டிய பலகையில் அப்படியே கீரையை நறுக்காமல் இருப்பவன் அந்தப் பையன்தான். சாப்பிட்டவர்கள் வயிற்றுப்போக்கில் படுக்காமல் வீடு திரும்புவது அவன் கவனத்தால். நம் மலேசியாவில் 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகள் உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி எடுக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. தலைமைச் சமையல்காரருக்கும் வெங்காயம் உரிப்பவனுக்கும் அங்கே ஒரே சட்டம்.

இனி மார்த்தா. தன்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டாளே தங்கை என்பதுதான் அவர் முறையீடு. ஆண்டவர் அவருடைய கவலையைத் தொட்டுப் பேசினார், அடுப்படியைக் குறைசொல்லவில்லை. பிறகு மார்த்தா அந்த வேலையை விட்டுவிட்டாரா? யோவான் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இலாசர் உயிர்பெற்ற பின் பெத்தானியாவில் விருந்து. அங்கேயும் பரிமாறுபவர் மார்த்தாதான். இயேசுவை மெசியா என்று அறிக்கையிட்ட அதே மார்த்தா. இந்த முறை முறையீடு இல்லை.

ஆனால் அந்த முறையீட்டில் நியாயமே இல்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. பத்துப் பேர் செய்ய வேண்டியதை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, “மார்த்தா போல் கவலைப்படாதே தம்பி” என்று முதலாளி சொன்னால், அது நற்செய்தியைத் திரித்துப் பேசுவது. வயலில் உழைத்தவருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிட்டுக் கடவுளின் காதுக்கு எட்டுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். நாசி கண்டார் கடையானாலும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையானாலும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

இந்த வாரம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் பலர் கிளம்புவீர்கள். வழியில் சாப்பிடுவீர்கள். பின்கட்டில் தட்டு கழுவுகிறவரைப் பார்த்தால் ஒரு வார்த்தை பேசுங்கள். நம் பிள்ளையாக இருக்கலாம். வங்காளதேசத்துத் தாய் ஒருத்தியின் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது 2023 ஜனவரியிலிருந்து சட்டம். உங்கள் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், இ.பி.எஃப். சேமநிதியும் சொக்சோ காப்புறுதியும் கட்டுகிறார்களா என்று பாருங்கள். கேட்பது அடங்காமை ஆகாது.

இந்தக் கோவிலில் கடை வைத்திருப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு அது பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஐந்துக்கும் குறைவான ஆட்கள் உள்ள சின்னக் கடைகளுக்கு வரும் ஆகஸ்ட் 1 முதல். வியாபாரம் மந்தம், அரிசி விலை, எண்ணெய் விலை, எல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் ஆகஸ்ட் மாதச் சம்பளத்தை அந்தக் கணக்கில் போட்டுக் கொடுங்கள்.