நாட்குறிப்பின் வாய்மை

வரைபடம் இல்லாத நாட்டில் வழி தேடிச் சென்றோர் எழுதிய நாட்குறிப்புகளில் நாம் எதைத் தேடுகிறோம்? மலைகளின் பெயர்களையும் ஆறுகளின் போக்கையும் மட்டுமா? தமக்கு இழுக்குத் தரும் செய்தியையும் அவர்கள் எழுதினார்களா என்பதே நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

1776-ஆம் ஆண்டு சூலை 29 அன்று நியூ மெக்சிகோவின் சாந்தா பே நகரிலிருந்து 10 பேர் புறப்பட்டனர். தொமிங்கெஸ், எஸ்கலாந்தே என்னும் பிரான்சிஸ்கன் குருக்கள் இருவர் அவர்களை நடத்திச் சென்றனர். கலிபோர்னியாவின் மொந்தெரேக்குத் தரைவழி காண்பதே நோக்கம். செப்டம்பர் இறுதியில், இன்றைய யூட்டா மாநிலத்து ஏரிக்கரையில் வாழ்ந்த மக்கள் அவர்களை அன்போடு ஏற்றனர். தம்முள் ஒருவரை வழிகாட்டியாக அனுப்பினர். திரும்பி வந்து உங்களோடு தங்குவோம் எனக் குருக்கள் வாக்களித்தனர்.

அக்டோபர் 5-ஆம் நாள் குறிப்பு நம்மை வருத்துகிறது. குழுவிலிருந்த அதிகாரி ஒருவர் தம் பணியாளைச் செபமாலை சொல்ல அழைத்தார். அவன் தயங்கினான். கடிந்துகொண்டபோது இருவரும் கைகலந்தனர். அதைக் கண்டு மனம் கலங்கிய வழிகாட்டி, விடைபெறாமலே அகன்றார். குருக்கள் அவரைத் தடுக்கவில்லை. பின்னர் பனியும் குளிரும் வழியை அடைக்க, அக்டோபர் 11 அன்று திருவுளச்சீட்டுப் போட்டு, சாந்தா பேக்குத் திரும்புவதென முடிவாயிற்று.

அம்மனிதர் நம் மறைக்கல்வி நூலைக் கற்றவரல்லர். நம் நடத்தையையே கண்டார். இறைவனிடம் அழைக்க வேண்டிய செபமே அவரை அகலச் செய்த சண்டைக்குக் காரணமாயிற்று. இந்நிகழ்ச்சியை விட்டுவிட்டு, பயணம் தடைப்பட்டதற்குப் பனியை மட்டும் காரணம் காட்டியிருக்கலாம். கேட்பார் எவருமில்லை. ஆயினும் குருக்கள் எழுதினர்.

எழுதியதால் கடன் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஏரிக்கரை மக்களுக்குத் தந்த வாக்கு நிறைவேறவே இல்லை. எஸ்கலாந்தே 1780-இல் மறைந்தார். உண்மையை ஒப்புக்கொள்வது ஈடுசெய்வதாகாது. ஆனால் ஒப்புக்கொள்ளாதவன் ஈடுசெய்யத் தொடங்குவதே இல்லை. ஒப்புரவு அருட்சாதனம் நமக்குக் கற்பிக்கும் ஒழுங்கும் இதுவன்றோ?

நம் பங்குகளின் விழா மலர்களில் கட்டடங்களும் கொடையாளர்களும் இடம்பெறுகின்றனர். நம் பூசல்களைக் கண்டு ஓசையின்றி விலகிப் போனவர்களைப் பற்றி ஒரு வரியேனும் எழுத நமக்குத் துணிவு உண்டா? எழுதினால், அவர்கள் வீட்டு வாசலுக்குச் செல்லும் வழியும் ஒருவேளை நமக்குத் தெரியவரும்.