பாலும் குவளையும்

காண்பது வேறு, கண்டதன்மேல் மனம் சாய்வது வேறு. முன்னதைக் காட்சி என்போம். பின்னதை மனப்பான்மை என்போம். ‘நான் கண்டதைத்தானே சொல்கிறேன்’ என்று ஒருவன் சாதிக்கும்போது, அவன் கண்டது எவ்வளவு, காணுமுன்னரே மனத்தில் கொண்டிருந்தது எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை.

பேராக் இரப்பர்த் தோட்டங்களின் பழைய நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு முடிந்து, ஆளுக்கொரு நிரையாக மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் சுமந்துவந்து ஸ்டோரில் ஊற்றினர். அங்கே கண்ணின் கூர்மைக்குக் குறைவில்லை. பாலில் நீர் கலந்திருந்தால் மெட்ரோலாக் என்னும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். எச்சாதியான் வெட்டிய பால் என்பதை மட்டும் எக்கருவியும் காட்டவில்லை, எவரும் கேட்கவுமில்லை. எல்லாப் பாலும் ஒரே தொட்டியில் விழுந்து, ஒரே அமிலத்தால் உறைந்து, ஒரே தகடாயிற்று. அதே மாந்தர் குடியிருப்புக்குத் திரும்பினால், பல தோட்டங்களில் ஆதிதிராவிடருக்கு லயம் தனி. பாலைத் தொட்ட கை தீட்டில்லை. தண்ணீர்க் குவளையைத் தொட்டால் தீட்டு! இது கண்ணின் பிழையா? கண் சரியாகவே கண்டது. காசு வருமிடத்தில் மனம் கண்ணை நம்பிற்று. கௌரவம் போகுமிடத்தில் நம்ப மறுத்தது.

ஆகவே, பார்த்துப் பழகினால் வேற்றுமை தானே ஒழியும் என்னும் வாதம் எமக்கு உடன்பாடன்று. அந்தத் தொட்டியை நாள்தோறும் பார்த்தவர்கள்தாமே அவர்கள்! 1929 டிசம்பரில் ஈப்போவில் கூடிய தமிழர் சீர்திருத்த மாநாட்டிற்குப் பெரியார் ஈ. வெ. ரா. வந்திருந்தார். அவரைச் சேர்ந்த சுயமரியாதைக்காரர் சாதி ஒழிக என்று பேசியதோடு நில்லாமல், சமபந்தியில் அமர்ந்து உண்ணவும் வற்புறுத்தினர். கை முதலில் செய்துவிட்டால் மனம் பின்னே வரும், அதற்குப் பின்னரே கண் திருந்தும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

நிற்க. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. லயத்துப் பிள்ளைகளின் பேரர் பலர் இன்று ஈப்போவாசிகள். செம்பனைத் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் உழைக்கின்றனர். அண்மையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அத்தகைய தொழிலாளர் இருவர் வந்தமர்ந்ததும், நம்மவர் ஒருவர் தட்டோடு எழுந்து என் மேசைக்கு வந்தார். காரணம் கேட்டேன். “அழுக்கு ஐயா, பார்த்தாலே தெரியவில்லையா?” என்றார். வந்தவர்களின் சட்டையோ துவைத்து மடிப்புக் கலையாதது. ஆயினும் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அழுக்குத் தெரியவே தெரிந்தது. அவருடைய பாட்டனாரிடத்தும் ஒரு காலத்தில் பிறருக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவருக்கு இதைச் சொன்னேன். ஆனால் எழுந்து அந்த இருவரோடு போய் அமர்ந்தேனில்லை.